அடையாளம் காணப் போய் ஆளையே எழுப்பிவிட்ட ஓகேடி3

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லை வளர்க்கும் ஆய்வகங்களில் முதல் நாள் மாலையே ஒரு வேலையை முடித்து வைப்பார்கள். பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் ஓகேடி3 என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதம்) கலந்த உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் இருந்தாலே போதும். பார்த்தால் வெறும் தண்ணீர்தான். இரவோடு இரவாக அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, கழுவி, மனித இரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை அதன்மேல் விடுவார்கள். அப்போது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மணல் தூவியதுபோலத் தனித்தனி உருண்டைகள். மறுநாள் பார்த்தால் திராட்சைக் குலைகள்! ஒவ்வொரு செல்லும் பருத்து, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக் குவிந்திருக்கும். அடுத்த ஓரிரு நாட்களில் சிவப்பாக இருந்த வளர்ப்புத் திரவம் மஞ்சளாக மாறத் தொடங்கும். செல்கள் தின்று, அமிலம் கழித்து, பெருகுகின்றன என்று பொருள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இரண்டாம் நாள் காட்சி எனக்கு அலுத்ததில்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றம். அதே ஆன்டிபாடியைத் தட்டில் ஒட்டவிடாமல், வேறு எந்தச் செல்லும் கலக்காத சுத்தமான டி செல்களோடு திரவத்தில் கலந்து மட்டும் விட்டுப் பாருங்கள். செல்கள் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். மருந்து ஒன்றுதான், செல்லும் ஒன்றுதான். ஒட்டி நிற்கிறதா, மிதக்கிறதா என்பது மட்டும்தான் வேறு. மனித உடலில் செலுத்த அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்) ஆன்டிபாடியின் எழுச்சியும் சரிவும், பிறகு வேறு உருவில் அது திரும்பி வந்ததும் இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

டி செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வருவதைப் பிடித்து உணரும் புரதம், இருக்கிறது. வைரஸின் துணுக்கையோ புற்றுநோய்ச் செல்லின் துணுக்கையோ இன்னொரு செல் ஏந்திக் காட்டும்போது, அதை அடையாளம் காண்பது அந்த ஏற்பிதான். ஆனால் பார்த்ததை உள்ளே சொல்ல அதற்கு வழியில்லை. செல்லுக்குள் நீளும் அதன் பகுதி மிகக் குட்டை. தகவலை உள்ளே கடத்துவது அதோடு ஒட்டியே நிற்கும் சிடி3 என்ற புரதக் கூட்டம்: காமா ஒன்று, டெல்டா ஒன்று, எப்சிலான் இரண்டு, இவற்றோடு ஜீட்டா இணை ஒன்று. ஏற்பியைக் கண் என்றால் சிடி3-ஐக் குரல் எனலாம். கண் செல்லுக்குச் செல் மாறும். ஒரு செல்லின் ஏற்பி ஃப்ளூவைப் பார்க்கும், பக்கத்துச் செல்லின் ஏற்பி காசநோய்க் கிருமியைப் பார்க்கும். அப்படிக் கோடிக்கணக்கான வகைகள் உண்டு. குரல் மட்டும் எல்லா டி செல்லுக்கும் ஒன்றுதான்.

ஓகேடி3 பிடிப்பது சிடி3-இன் எப்சிலான் சங்கிலியை. அதாவது எந்தக் கிருமிக்காகக் காத்திருக்கும் செல்லாக இருந்தாலும் இந்த ஒரே ஆன்டிபாடிக்கு அது அகப்படும். இயல்பான தொற்றில் லட்சம் டி செல்களில் ஒரு சிலதான் விழிக்கும். ஓகேடி3 கை வைத்தால் ஊரே விழிக்கும்.

இதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது எண்ணிக்கை. 1970-களில் ஒரு செல் டி செல்லா இல்லையா என்று பார்க்க, செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்து வைப்பார்கள். சிவப்பணுக்கள் சுற்றிலும் ஒட்டிப் பூப்போல நின்றால் டி செல் என்று கணக்கு. அதற்குள் என்னென்ன உட்பிரிவுகள் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 1975-இல் கேம்பிரிட்ஜில் செசார் மில்ஸ்டீனும் ஜார்ஜ் கோலரும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, சாகாமல் ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் கலப்புச் செல்லை உருவாக்கினார்கள். 1984-இல் நீல்ஸ் யெர்னேவோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு, நியூஜெர்சியில் ராரிட்டனில் இருந்த ஆர்த்தோ நிறுவனத்தின் பேட்ரிக் குங், கிடியன் கோல்ட்ஸ்டீன் ஆகியோர், ஹார்வர்டின் எல்லிஸ் ரைன்ஹெர்ஸ், ஸ்டூவர்ட் ஷ்லாஸ்மன் ஆகியோரோடு சேர்ந்து மனித டி செல்லைச் சுண்டெலிக்குச் செலுத்தி, வரும் ஆன்டிபாடிகளை ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். 1979-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரையில் ஓகேடி1, ஓகேடி3, ஓகேடி4 மூன்றும் இருந்தன. ஓ-வும் கே-யும் ஆர்த்தோ, குங் என்ற பெயர்களின் முதலெழுத்துகள், டி என்பது டி செல். பிறகு எச்ஐவி நோயாளிகளின் இரத்த அறிக்கையில் எல்லோரும் தேடிப் பார்க்கும் சிடி4 எண்ணிக்கைக்கு அடித்தளம் போட்டது இந்த மாதிரி ஆன்டிபாடிகள்தான். செல்லின் மேற்பரப்புப் புரதங்களுக்கு இன்று நாம் சொல்லும் சிடி வரிசை எண்கள் 1982-இல் பாரிசில் கூடிய ஆய்வாளர்கள் வகுத்த முறை. ஓகேடி3 ஒட்டும் இலக்குக்கு சிடி3 என்றும், ஓகேடி4 ஒட்டும் இலக்குக்கு சிடி4 என்றும் பெயர் அமைந்தது.

ஆக, இது ஒரு அடையாளச் சீட்டு. டி செல்லின் மேல் ஒட்டிவைத்து எண்ணுவதற்கான சீட்டு. ஒட்டியவுடன் செல்கள் பெருகத் தொடங்குகின்றன என்பது அடுத்த ஆண்டே வெளிவந்துவிட்டது. பெல்ஜியத்தில் வான் வாவே குழுவினர் 1980-இல் காட்டியது, மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் கலந்தாலே மனித இரத்தச் செல்கள் பிளந்து பெருகத் தொடங்குகின்றன என்பதை. கணக்கெடுப்புக்கு வந்தவர் கதவு எண்ணைத் தொட்டுப் பார்த்தபோது அதுவே அழைப்புமணியாக இருந்த கதை இது.

அப்படியானால் சுத்தமான டி செல்கள் ஏன் சும்மா கிடந்தன?

ஆன்டிபாடியின் உருவம் உண்டிவில்லின் கவட்டை மாதிரி. கிளைத்த இரண்டு கைகளும் இலக்கைப் பிடிக்கும். கீழே உள்ள காம்பு வேறு வேலைக்கு. மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இந்தக் காம்பைப் பிடித்துக்கொள்ளத் தனி ஏற்பிகள் இருக்கின்றன. டி செல்லின் மணி ஒற்றை ஏற்பியைத் தொட்டதற்கெல்லாம் அடிக்காது. பல ஏற்பிகள் ஒரே இடத்தில் நெருக்கிக் கூட்டப்பட்டால்தான் உள்ளே சமிக்ஞை பலமாகப் போகும். மிதக்கும் ஓகேடி3 அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு மோனோசைட் வந்து நூறு காம்புகளைச் சேர்த்துப் பிடித்தால், அதோடு சேர்த்து நூறு ஏற்பிகளும் ஓரிடத்துக்கு இழுக்கப்படும். ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தட்டு செய்வது இந்த மோனோசைட் வேலையைத்தான். வான் வாவே பயன்படுத்திய கலவையில் மோனோசைட்டுகள் இருந்தன, அதனால் தட்டே தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு அழகான சாட்சி 1983-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. சிடி3-ஐப் பிடிக்கும் வேறு வகைக் காம்புள்ள சுண்டெலி ஆன்டிபாடிகளைப் பல ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் கலந்து பார்த்தார்கள். சிலரின் டி செல்கள் பெருகின, சிலருடையவை அசையவே இல்லை. குறை டி செல்லில் இல்லை. அவர்களின் மோனோசைட்டில் இருந்த காம்பு ஏற்பி பிறவியிலேயே கொஞ்சம் வேறு மாதிரி, அந்த வகைக் காம்பை அதனால் பிடிக்க முடியவில்லை. ஓகேடி3-இன் காம்பு வேறு வகை, மனித மோனோசைட்டுகள் அதை இறுக்கமாகவே பிடித்துக்கொள்ளும். மருத்துவமனைக்குப் போனபோது இதற்கான விலையைக் கொடுக்க வேண்டி வந்தது.

சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்கு அன்று பெரிய பயம், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிப்பது. நிராகரிப்பை நடத்துவது டி செல்கள். அவற்றை அடக்கக் கையில் இருந்தவை அதிக அளவு ஸ்டீராய்டும், குதிரையிலோ முயலிலோ தயாரித்த சீரமும். சீரம் ஒரு தொகுதிக்கு ஒரு மாதிரி இருக்கும். எல்லா டி செல்லையும் ஒரே மாதிரி பிடிக்கும் ஒரே ஆன்டிபாடி கிடைத்தால் யார் விடுவார்கள்? பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பெனடிக்ட் கோசிமி குழு, நிராகரிப்பு தொடங்கிவிட்ட 8 பேருக்கு ஓகேடி3 கொடுத்தது. 1981-இல் வெளிவந்த முடிவு: எட்டுப் பேருக்கும் சில நாட்களில் நிராகரிப்பு தணிந்தது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 123 நோயாளிகளிடம் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டுப் பார்த்தன. 1985-இல் வந்த கணக்குப்படி ஓகேடி3 பெற்றவர்களில் 94 சதவீதம் பேருக்கு நிராகரிப்பு தணிந்தது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 75 சதவீதம். ஓராண்டு கழித்தும் மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முறையே 62, 45 சதவீதம். 1986-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி அளித்தது. மியூரோமோனாப் என்று பெயர் வைத்தார்கள். சுண்டெலியின் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பதன் சுருக்கம்தான் அது.

நாளுக்கு 5 மில்லிகிராம், இரத்தக் குழாயில் ஒரே ஊசி, பத்து முதல் பதினான்கு நாள். முதல் ஊசி போட்ட சில நிமிடங்களில் ஓடும் இரத்தத்திலிருந்து டி செல்கள் காணாமல் போய்விடும். மருத்துவர்கள் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் இன்னொன்றும் வரும். பல் கிட்டும் குளிர் நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், வாந்தி, தலைவலி, மூச்சுத் திணறல். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் உடலில் நீர் தேங்கியவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். டி செல்களை அமைதிப்படுத்தக் கொடுத்த மருந்து, அமைதிப்படுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உலுக்கி எழுப்பியது. நோயாளியின் சொந்த மோனோசைட்டுகளே காம்பைப் பிடித்து, ஏற்பிகளைக் கூட்டி, மணியை அடித்தன. உடம்புக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் தட்டு.

பாரிஸ் நெக்கர் மருத்துவமனையின் லூசியென் ஷாத்னு, ஜான் ஃபிரான்சுவா பாக் குழுவினர் முதல் ஊசிக்குப் பின் நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதங்கள்) திடீரென ஏறி இறங்குவதை அளந்து காட்டினார்கள். ஊசிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் இந்த வெள்ளம் குறைகிறது என்பதும் தெரிந்தது. சைட்டோகைன் வெளியேற்ற நோய்க்குறி என்று இன்று புற்றுநோய் வார்டுகளில் தினமும் புழங்கும் பெயர் மருத்துவத்தில் நிலைத்தது இந்த நோயாளிகளின் படுக்கையருகில்தான்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். ஓகேடி3 முழுக்கச் சுண்டெலிப் புரதம். உடல் அதற்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கும், இரண்டாவது முறை கொடுத்தால் மருந்து பலிக்காமல் போகலாம். அதைவிடப் பெரியது, உடலின் நோயெதிர்ப்பை அளவுக்கு மீறி அடக்குவதால் வரும் புற்று. 1990-இல் இதய மாற்று நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வு ஒன்றில், ஓகேடி3 பெற்ற 79 பேரில் 9 பேருக்கு நிணநீர்ச் செல் பெருக்க நோய் வந்திருந்தது. பெறாத 75 பேரில் ஒருவருக்குத்தான். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் கைக்கு வந்து நிராகரிப்பே குறைந்த பிறகு, மருத்துவர்கள் ஓகேடி3 பக்கம் போவது குறைந்தது. 2010-இல் உற்பத்தி நின்றது.

இதன் நடுவில் 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஜெர்மனியின் டெஜெனரோ நிறுவனம் உருவாக்கிய டிஜிஎன்1412 வேறொரு ஏற்பியை, டி செல்லின் சிடி28-ஐ, பிடிக்கும் ஆன்டிபாடி. சிடி3-இன் உதவி இல்லாமல் அது மட்டுமே டி செல்லை எழுப்பும் தன்மை கொண்டது. குரங்குகளில் பாதுகாப்பாகத் தெரிந்த அளவின் ஐநூறில் ஒரு பங்கைத்தான் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரோக்கியமான 6 இளைஞர்கள், ஒருவருக்குப் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துடிக்க ஆரம்பித்தார்கள். பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல் நுனிகளையும் கால்விரல்களையும் இழந்தார்.

பிறகு பிரிட்டனின் உயிரியல் தர நிர்ணய நிலையத்தில் காரணம் தேடியவர்கள், டிஜிஎன்1412-ஐ மனித இரத்தச் செல்களோடு திரவத்தில் கலந்து பார்த்தார்கள். சைட்டோகைன் வரவில்லை. அதையே தட்டில் காயவிட்டு ஒட்டவைத்து, மேலே செல்களை விட்டுப் பார்த்தார்கள். கொட்டியது. ஓகேடி3 விஷயத்தில் அன்றாட வேலையாகத் தெரிந்திருந்த வித்தியாசம், இந்த மருந்தை மனிதருக்குப் போடும் முன் கேட்கப்பட வேண்டிய கேள்வியாக யாருக்கும் தோன்றவில்லை. நினைக்க நினைக்க மனது ஆறாத இடம் இது. குரங்கு ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கும் பதில் வந்தது. போரிட்டுப் பழகிய நினைவு டி செல்களில், குரங்கினத்தில் சிடி28 இல்லை. மனிதனுக்கு உண்டு.

ஓகேடி3-இன் காம்பைத் திருத்தினால் என்ன என்று அதற்கு முன்பே யோசித்தவர்கள் இருந்தார்கள். ஜெஃப்ரி புளூஸ்டோன் குழு சுண்டெலிப் பகுதியின் பெரும்பங்கை மனிதப் புரதமாக மாற்றியது. பிடிக்கும் நுனிகள் மட்டும் பழைய ஓகேடி3-ஐப் போலவே விடப்பட்டன. காம்பில் 234, 235 ஆகிய இடங்களில் இருந்த லியூசின் இரண்டையும் அலனைன் ஆக்கினார்கள். மாற்றியது இரண்டே அமினோ அமிலம்! மோனோசைட்டின் பிடி தளர்ந்தது. இப்போது ஆன்டிபாடி ஏற்பியில் ஒட்டும், ஆனால் நூறு ஏற்பிகளை ஒரேயடியாகக் கூட்டாது. மணி முழுதாக அடிக்காமல் லேசாக முனகும். அந்த முனகலை நாட்கணக்கில் கேட்டுக் கேட்டு, தாக்கும் வகை டி செல்களில் ஒரு பகுதி சோர்ந்து ஒதுங்குகிறது.

இதுதான் டெப்லிசுமாப். இலக்கு சிறுநீரகம் அல்ல, டைப் 1 நீரிழிவு. இந்த நோயில் டி செல்கள் கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாங்களே அழிக்கின்றன. பாதை நேராக இல்லை. 2002-இல் கெவன் ஹெரால்டும் கூட்டாளிகளும் சிறிய ஆய்வில் நல்ல பலன் காட்டினார்கள். பிறகு நடந்த பெரிய சோதனை, தேர்ந்தெடுத்த அளவுகோலை எட்டாமல் போனது. மருந்து முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அப்போதுதான் கேள்வியை முன்னுக்கு நகர்த்தினார்கள்: நோய் வந்த பிறகு கொடுப்பதற்குப் பதில், வரப்போகிறது என்று இரத்தம் சொல்லும்போதே கொடுத்தால்?

டைப் 1 நோயாளிகளின் உறவினர்களில், தன்னைத் தாக்கும் ஆன்டிபாடிகள் குறைந்தது இரண்டு வகை இருந்து, சர்க்கரையும் தடுமாறத் தொடங்கிய 76 பேரைச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். 14 நாள் ஊசி, ஒரே ஒரு சுற்று. 2019-இல் வெளியான முடிவில், மருந்து பெற்றவர்களுக்கு நோய் வெளிப்பட எடுத்த இடைநிலைக் காலம் 48.4 மாதம், போலி மருந்து பெற்றவர்களுக்கு 24.4 மாதம். இரண்டு ஆண்டுகள். ஒரு பத்து வயதுக் குழந்தை பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாமல், ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுமோ என்று அம்மா எழுந்து எழுந்து பார்க்காமல் கழியும் இரண்டு ஆண்டுகள். இதை வெறும் தள்ளிப்போடல் என்று ஒதுக்குபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 2022 நவம்பரில் எஃப்டிஏ அனுமதித்தது. அறிவித்த விலை ஒரு சுற்றுக்கு 1,93,900 டாலர். யாருக்குத் தேவையோ அவர்களில் எத்தனை பேர் கைக்கு இது எட்டும் என்ற கவலையை இந்த எண்ணே கிளப்பிவிடுகிறது.

மணியை அடக்கிவைத்தது ஒரு வழி. மணியை வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கவைப்பது இன்னொன்று. 2014-இல் அனுமதி பெற்ற பிளினாட்டுமொமாப் ஒரு கையால் டி செல்லின் சிடி3-ஐயும், மறுகையால் இரத்தப் புற்றுச் செல்லின் சிடி19-ஐயும் பிடிக்கிறது. இதற்குக் காம்பே கிடையாது. பல ஏற்பிகளை ஓரிடத்தில் கூட்டும் வேலையைப் புற்றுச் செல்லின் மேற்பரப்பே செய்துவிடுகிறது. சிடி19 ஏந்திய செல் பக்கத்தில் இருந்தால்தான் மணி அடிக்கும்.

பழைய ஓகேடி3 மட்டும் எங்கேயும் போய்விடவில்லை. நோயாளியின் உடம்பிலிருந்து வெளியேறி, செல் வளர்க்கும் அறைகளுக்குள் குடியேறிவிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு, மெலனோமா என்ற தோல் புற்றின் கட்டியை வெட்டியெடுத்து, அதற்குள் புகுந்திருக்கும் டி செல்களை வெளியே கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளிக்குத் திரும்பச் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தது. அந்தப் பெருக்கலின் செய்முறையில் ஓகேடி3 மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம். கூடவே டி செல்லை வளரத் தூண்டும் இன்டர்லூக்கின்-2. அதோடு, வேறொருவரின் இரத்தச் செல்களைக் கதிர்வீச்சால் பெருகவிடாமல் செய்து கூட்டத்தில் கலப்பார்கள். அவற்றில் இருக்கும் மோனோசைட்டுகள் காம்பைப் பிடித்துக்கொடுக்கும். நோயாளியின் உடம்பில் காய்ச்சலை வரவழைத்த அதே பிடி, பையில் வளரும் செல்லுக்கு ஊட்டமாகிறது. இப்படி டி செல்களைப் பெருக்கிச் செய்யும் லிஃபிலூசெல் 2024 பிப்ரவரியில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது.

பெருக்கம் முடிந்ததும் செல்களை மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியவைத்து, மேலே நிற்கும் திரவத்தை இறுத்துவிட்டு, புதுத் திரவத்தில் கழுவி, மறுபடி சுழற்றுவார்கள். ஓகேடி3 அந்தக் கழுவுநீரோடு போய்விடும். பையில் ஏறி நோயாளியின் கட்டிலுக்குப் போவது, அது எழுப்பிவிட்ட செல்கள் மட்டும்.